சாபம் யாருக்கு விழுந்தது?

சென்னையின் தொழிற்பேட்டையான அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள பகுதிகளில், பட்டரவாக்கத்திலும் மண்ணூர்பேட்டையிலும் கள்ளிக்குப்பத்திலும், ஒரு வேதாந்தம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆதாம் அந்தப் பழத்தைத் தின்னாமல் இருந்திருந்தால் மனிதன் உழைக்க வேண்டியே இருந்திருக்காது. வேலை என்பது அந்தப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை. ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் இதைச் சொல்கிறார். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வரும் மகனிடம் அம்மா இதைச் சொல்கிறார். கிறிஸ்தவர் அல்லாத வீட்டிலும் இதே பேச்சுதான், ஆதாமுக்குப் பதில் தலைவிதி. உழைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்பதில் இரண்டு வீடுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் கருத்து பைபிளில் இல்லை. இல்லை என்பதுகூடப் பெரிய செய்தியல்ல. பைபிளின் முதல் பக்கங்கள் எந்தக் கருத்தோடு சண்டை போட்டனவோ, அதையே அவற்றின் வாயில் திணித்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

கதை நடக்கும் வரிசையை முதலில் பார்ப்போம். ஆதியாகமம், கத்தோலிக்கர் தொடக்கநூல் என்று சொல்வது, இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தின் கதையை ஒரு குறையோடு தொடங்குகிறது: நிலம் இருக்கிறது, அதைப் பண்படுத்த ஆள் இல்லை. பிறகு கடவுள் மனிதனை உருவாக்கித் தோட்டத்தில் வைக்கிறார். எதற்காக வைத்தார் என்பதைப் பதினைந்தாம் வசனம் சொல்கிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும். அப்போது பாம்பு வரவில்லை. ஏவாளே இன்னும் வரவில்லை. பழம் தின்ற விவகாரம் அடுத்த அதிகாரத்தில்தான். வேலை தண்டனை என்றால், குற்றம் நடப்பதற்கு முன்பே தண்டனை நிறைவேறிவிட்டது என்று ஆகிறது. அப்படி ஒரு தீர்ப்பை அம்பத்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்கூட யாரும் எழுத மாட்டார்கள்.

"மூன்றாம் அதிகாரத்தில் வியர்வை வருகிறதே, முள்ளும் குருக்கும் வருகிறதே?" என்று கேட்பார்கள். வருகிறது. ஆனால் அங்கே சாபம் யார்மேல் விழுகிறது என்று ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பாம்பு சபிக்கப்படுகிறது. நிலம் சபிக்கப்படுகிறது. பெண்ணிடம் பிரசவ வேதனையைப் பற்றிப் பேச்சு வருகிறது, கணவன் அவளை ஆளுவான் என்று வருகிறது. அவள் சபிக்கப்பட்டவள் என்று வரவில்லை. ஆணிடம் இனி உணவு கஷ்டத்தோடுதான் கிடைக்கும், கடைசியில் மண்ணுக்கே திரும்புவாய் என்று வருகிறது. அவன் சபிக்கப்பட்டவன் என்றும் வரவில்லை. பைபிளில் சாபம் வாங்கும் முதல் மனிதன் காயீன், நான்காம் அதிகாரத்தில். தம்பியைக் கொன்றுவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று கைவிரித்தவன். வியர்வை சிந்தியவனுக்கு விழாத சாபம் ரத்தம் சிந்தியவனுக்கு விழுந்தது. பிரளயம் வடிந்த பிறகு, மனிதனை முன்னிட்டு நிலத்தை இனிச் சபிப்பதில்லை என்று கடவுள் தமக்குள் தீர்மானிப்பது எட்டாம் அதிகாரத்தில். அந்த வசனத்தை எடுத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

வேலை வேறு, வேலையில் வந்து சேர்ந்த வேதனை வேறு. முந்தியது தோட்டத்தில் இருந்தது; பிந்தியது உறவுகள் முறிந்ததால் வந்தது. மனிதனுக்கும் மண்ணுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே இருந்தது முறிந்தது. முறிந்ததை ஒட்டவைக்கப் பார்க்கலாம். சாபத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, சுமக்க வேண்டும். கான்ட்ராக்டருக்கு இதைவிட வசதியான இறையியல் கிடைக்குமா? சம்பளம் குறைவு என்று சொல்லும் ஆள், பாதுகாப்புக் கண்ணாடி கேட்கும் வெல்டர், விரல் போன பிரஸ் ஆபரேட்டர் எல்லோருக்கும் ஒரே பதில்: ஆதாமிடம் போய்க் கேள்.

திருச்சபைகளே இந்தப் பதிலை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பதில்லை. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, பிரசவ வேதனை கடவுள் விதித்தது, அதைத் தணிப்பது பாவம் என்று எதிர்ப்பு எழுந்தது. சிம்ப்சன் அதே ஆதியாகமத்தைத் திறந்து பதில் எழுதினார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை அயர்ந்து உறங்கவைத்தார் அல்லவா? 1853-இல் விக்டோரியா மகாராணி குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டு பிள்ளை பெற்ற பிறகு அந்த வாதத்துக்கு மவுசு குறைந்தது. இன்று ஆவடியில் எந்தப் போதகரும் மயக்க ஊசியை எதிர்த்துப் பேசுவதில்லை. வயலில் முள்ளைப் பிடுங்காதே, அது கடவுள் முளைக்கவைத்தது என்றும் சொல்வதில்லை. ஒரே பகுதியில் வரும் மூன்று வேதனைகளில் இரண்டுக்கு மருந்து தேடலாமாம். கூலிக்காரனின் வியர்வை மட்டும் நித்தியமாம்.

இனி கடவுளைப் பார்ப்போம். இந்தக் கதைகளில் வருகிற கடவுள் என்ன வேலை செய்கிறார்? முதல் அதிகாரத்தில் ஆறு நாள் வேலை, இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏழாம் நாள் ஓய்வு. அந்த முதல் அதிகாரத்தை விஞ்ஞானப் பாடமாக நிரூபிக்கப் பார்ப்பவர்களும், சூரியனுக்கு முன்னால் வெளிச்சம் எப்படி வந்தது என்று மேடையில் கேட்டுச் சிரிப்பவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருக்குமே அது வேறொன்றைப் பற்றிப் பேசுவது காதில் விழவில்லை. அவர்களை விடுவோம். இரண்டாம் அதிகாரத்துக் கடவுள் கையில் மண்ணோடு நிற்கிறார். குயவர் செய்யும் வேலை. பிறகு தோட்டம் போடுகிறார். மூன்றாம் அதிகாரத்தின் முடிவில், தோட்டத்தைவிட்டு அனுப்பும் முன் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோலால் உடை செய்து உடுத்திவிடுகிறார். ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையின் தையல்காரர்கள் இந்த வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

தோல் என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தோம், எங்கே குடிவைத்தோம், எந்தக் கிணற்றில் இறங்கவிடவில்லை என்பதெல்லாம் தெரியாதவர் யார்? அந்த வேலையை, பைபிளின் கணக்குப்படி, முதலில் செய்தவர் கடவுள். செத்த மிருகத்தின் தோலைத் தொட்ட முதல் கை அவருடையது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலிருந்து தலித் இறையியலை வளர்த்த அரவிந்த் நிர்மல், ஊழியம் செய்கிற கடவுள், அடிமட்ட வேலை செய்கிற கடவுள் என்று பேசியபோது பலர் முகம் சுளித்தார்கள். முகம் சுளிக்க அதில் புதிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கும் இது விளங்கும். வந்தி என்கிற கிழவிக்காகக் கூலியாளாக வந்து, பிட்டை வாங்கித் தின்று, வைகைக் கரைக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்ட சிவனை அவர்கள் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் கொண்டாடுகிறார்கள். அந்த அடி உலகத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்தது என்று திருவிளையாடல் சொல்கிறது. கடவுளைக் கூலிக்காரனாக நினைத்துப் பார்க்கத் தெரிந்த ஊர் இது. அப்படியிருந்தும், ஏசி அறையில் உட்காரும் வேலை கிடைத்தால் "ஆசீர்வாதம்" என்றும், கை அழுக்காகும் வேலை கிடைத்தால் "சோதனை" என்றும் சாட்சி சொல்லப் பழகிவிட்டோம். சாதி சொல்லிக்கொடுத்த கணக்கைக் கர்த்தர் பெயரில் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

உழைப்பு சாபம் என்ற கருத்துக்கு உண்மையான பூர்வீகம் வேறொரு நாடு. மெசபொத்தேமியா. அங்கே களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அட்ராஹாசிஸ் காவியம் மனிதன் தோன்றுவதற்கு முந்தைய காலத்தில் தொடங்குகிறது. அப்போது சின்னத் தேவர்களான இகிகிகள்தான் வேலைக்காரர்கள். டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளை வெட்டியவர்கள் அவர்கள். பல காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மண்வெட்டியையும் கூடையையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் பெரிய தேவன் என்லிலின் வாசலை முற்றுகையிடுகிறார்கள். இதைத் தூண்டியவன் யார், பெயரைச் சொல் என்று தூதன் வந்து கேட்கிறான். நாங்கள் எல்லோரும்தான் என்று ஒரே குரலில் பதில் வருகிறது. உலக இலக்கியத்தின் மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் ஒன்று இது. எஸ்டேட்டில் கேட் மீட்டிங் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் புதிதல்ல.

நிர்வாகம் கண்ட தீர்வையும் கேளுங்கள். ஒரு தேவனைக் கொன்று, அவன் ரத்தத்தையும் சதையையும் களிமண்ணில் பிசைந்து, மனிதன் என்கிற மாற்று ஆளை உருவாக்குகிறார்கள். தேவர்கள் இறக்கிவைத்த கூடையைச் சுமக்கத்தான் மனிதன் பிறந்தான். பாபிலோனின் இன்னொரு படைப்புக் காவியமான எனுமா எலிஷும் இதையே சொல்கிறது. இதோடு முடியவில்லை. மனிதர்கள் பெருகிக் கூச்சல் அதிகமாகி என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளை நோய் அனுப்புகிறான், பஞ்சம் அனுப்புகிறான், கடைசியில் வெள்ளத்தை அனுப்புகிறான்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் அழிந்து யூதர்கள் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அந்தச் சிறையிருப்பின் சூழலில், அல்லது அதை ஒட்டி, இன்றைய வடிவம் பெற்றது என்பது பல அறிஞர்களின் கருத்து. நீ சுமை தூக்கப் பிறந்தவன் என்று ஆண்டானின் புராணமே சொல்லும் ஊரில் சிறைப்பட்டு வாழ்ந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? எங்கள் கடவுள் தம் வேலையைத் தாமே செய்கிறார் என்றார்கள். அவர் மனிதர்கள் பெருகுவதைக் கண்டு எரிச்சல் படவில்லை, பெருகச் சொல்லி ஆசி கொடுத்தார் என்றார்கள். அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று. எகிப்திலும் அசீரியாவிலும் தெய்வத்தின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. தூத்தன்காமுன் என்ற பெயருக்கே ஆமூன் தெய்வத்தின் உயிருள்ள சாயல் என்று பொருள். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை எடுத்து ஆணுக்கும் பெண்ணுக்குமாக, மனித இனம் முழுமைக்கும் கொடுத்துவிட்டது. அரண்மனை வாசலில் நிற்கும் காவல்காரனும் அரசனின் அளவுக்குக் கடவுளின் சாயல். இதை எழுதியவர்களிடம் போய், "உழைப்பு சாபம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்?

எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆபத்தும் தெரிகிறது. உழைப்பு புனிதம் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த நிமிடம் கம்பெனிக்காரர் அதைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார். அம்பத்தூர் ஓ.டி. என்பது பேருந்து நிலையத்தின் பெயராக மட்டும் இருந்துவிட்டால் பரவாயில்லை. ஆனால் படைப்புக் கதை இங்கேயும் முதலாளிக்கு உதவாது. அது மனிதனைப் படைத்ததோடு முடியவில்லை. ஏழாம் நாளின் ஓய்வில் முடிகிறது. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாள்; அவன் கண்ட முதல் முழுநாள் விடுமுறை நாள். சம்பாதித்துப் பெற்ற விடுப்பு அல்ல அது.

அந்த ஓய்வை யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் சட்டமாக்குகிறது. காரணம் கேட்டால் படைப்பைக் காட்டுகிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரம் அதே சட்டத்தைத் திரும்பச் சொல்லும்போது எகிப்தின் அடிமைத்தனத்தைக் காட்டுகிறது: நீயும் அடிமையாக இருந்தவன்தானே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும். பட்டியலில் மாடும் கழுதையும் உண்டு. உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து எஸ்டேட்டின் பின்தெருக்களில் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தூங்கும் பையன்களை "வடக்கன்" என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள், அந்த வரியில் சற்று நிற்க வேண்டும்.

(அந்தப் பட்டியலில் மனைவி இல்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு எல்லாம் உண்டு. "நீ" என்பதில் அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சமாளிப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது யார் என்று பார்த்தால், எந்த உரை நடைமுறையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.)

இந்தியாவில் வாராந்திர விடுமுறையைத் திருச்சபையும் கொடுக்கவில்லை, வெள்ளைக்காரனும் கருணைகொண்டு கொடுக்கவில்லை. ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் போராடி, 1890-இல் ஞாயிறு விடுமுறையை வாங்கினார். சென்னைக் கடற்கரையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இவர்கள் ஆதியாகமத்தைத் திறந்து பார்த்துப் போராடவில்லை. ஆனால் ஏழாம் நாளுக்குக் காவல் நின்றவர்கள் இவர்கள்தான், அதை வாசித்துவிட்டு மூடி வைத்தவர்கள் அல்ல.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாகப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். அரசும் ஆலயமும் ஒரே ஆண்டில் தொழிலாளியை நினைத்துக்கொண்டன. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று ஏற்கெனவே வரம்பு கட்டியிருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று அந்த வரம்பைத் தளர்த்தி, நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாட்களில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாட்களில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாடியிலிருந்து பூந்தமல்லிவரை எத்தனை பிரசங்க பீடங்கள் ஏழாம் நாளைப் பற்றிப் பேசின? ஏழாம் நாள் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று மணிக்கணக்கில் சண்டை போடத் தெரிந்தவர்கள் நாம்.

பண்படுத்தவும் காக்கவும் என்றதில் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. படைப்புக் கதை மனிதனுக்குப் பூமியை ஆளும் அதிகாரம் கொடுத்துவிட்டது, அதனால்தான் இயற்கை நாசமானது என்று சுற்றுச்சூழல்காரர்கள் சிலர் சொல்வார்கள். தோட்டத்தைக் காக்கச் சொன்ன வசனம் அதற்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனதற்கு ஆதியாகமத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த மண்ணின் மேல் விழுந்த சாபத்தை எழுதியது நாம்.

பூந்தமல்லியில் திருஇருதயக் குருமடம் இருக்கிறது. குருவாகப் போகிறவர்கள் அங்கே இந்த அதிகாரங்களைப் படிக்கிறார்கள். பாபிலோன் பலகைகளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் இறையியல் வகுப்புகளில் பாலபாடம். வகுப்பறையில் தெரிந்திருப்பது பிரசங்க பீடம் வரைக்கும் வந்து சேராமல் வழியில் எங்கோ காணாமல் போகிறது. சாபம் என்று சொன்னால் அழுகிறார்கள், ஆறுதல் சொல்லலாம். உரிமை என்று சொன்னால் கேள்வி கேட்பார்கள். ஆறுதல் சொல்வது சுலபம்.

ஆகவே இந்த ஊர்ச் சபைகளிடமும் பங்குகளிடமும் நான் கேட்பது பெரிய சமூகப் புரட்சி அல்ல. உங்கள் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவும், வாசலில் நிற்கும் காவலாளியும், மணியடித்து விளக்குப் போடும் கோயில்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் உழைக்கிறார்கள். வாரத்தில் வேறொரு நாளைச் சம்பளத்தோடு அவர்களுக்கு விடுமுறையாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்து ஆதாமைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.